ஜம்பு மரமும் அப்பாவின் காற்றுமானியும்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் நம்மோடு படித்த நண்பர் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். அவருடைய மகன் வாங்கிக் கொடுத்த வானிலைக் கருவி. மொட்டை மாடியில் பொருத்தியிருக்கிறார். வெப்பம் சரியாகக் காட்டுகிறது, மழை காட்டுகிறது, காற்று மட்டும் எந்நேரமும் பூஜ்யம். "எதிர்வீட்டுத் தென்னமரம் பேயாட்டம் ஆடுது, இது காத்தே இல்லங்குது, என்னா லா இது" என்று கேட்டிருந்தார். நீங்களெல்லாம் ஆளுக்கொரு பதில் போட்டீர்கள். பேட்டரியைப் பார், வயரைப் பார் என்றீர்கள். பக்கத்தில் மரம் மறைக்கிறதா பார் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. எழுத நினைத்துப் போனைக் கையில் எடுத்தேன். மரம் என்ற சொல்லைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டேன்.

நமக்கெல்லாம் முட்டி வலிக்கிற வயது வந்துவிட்டது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பினாங்குத் தீவில், டத்தோ கெராமாட் சாலைக்கு உள்ளே, ஒரு சந்தில் இருந்தது. அப்பா துறைமுகத்தில் கிளார்க். அவருக்குச் சீட்டு, குதிரைப் பந்தயம், சாராயம் எதுவும் கிடையாது. காற்றையும் மழையையும் அளப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பைத்தியம். பினாங்கிலும் அக்கரையிலுமாக அவரைப் போல ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் தங்கள் அளவுகளை எழுதி, புக்கிட் மெர்தாஜாமில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குத் தபாலில் அனுப்புவார்கள். அவர் அதைத் தட்டச்சு செய்து மாதம் ஒரு தாளாக எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். அந்தத் தாள் வருகிற நாளில் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து படிப்பார். எங்கள் சந்தின் பெயர் அதில் அச்சாகியிருக்கும்.

காற்றுமானியை அவரே செய்தார். அம்மாவின் எவர்சில்வர் கரண்டிகள் மூன்றின் குழிகளை அறுத்தெடுத்து மூன்று கைகளில் பொருத்தி, நடுவில் பழைய சைக்கிள் சக்கரத்தின் அச்சை வைத்திருந்தார். அச்சின் ஓரத்தில் ஒரு காந்தம். அது ஒரு சுற்றுச் சுற்றினால், அங்கிருந்து வயர் வழியாக முன்கூடத்துச் சுவரில் இருந்த எண்ணிப்பெட்டி ஒரு தடவை 'டிக்' என்னும். காலையில் வேலைக்குப் போகுமுன்னும் மாலையில் வந்த பிறகும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, ஒரு நிமிடத்தில் எத்தனை டிக் என்று நோட்டில் எழுதுவார். கம்பத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ, அதைப் பார்த்துத் திசையையும் எழுதுவார். கரண்டிகள் போனதற்காக அம்மா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. தேங்காய்ச் சிரட்டையில் குழம்பு ஊற்றினார்.

அந்தக் கம்பத்தை நட்டுக் கொடுத்தவர் பின்வீட்டு அண்ணன். எங்கள் வீட்டுக்கு மேற்கே, குறுகலான பின்சந்தைத் தாண்டியதும் அவருடைய வீடு. கட்டட வேலையில் சாரம் கட்டுகிறவர். எங்கள் அடுப்படிக்கு மேல் சிமெண்டுத் தளம் உண்டு. அதில் இரும்புக் கால்கள் மேல் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் ஏணியில் குரங்கு மாதிரி ஏறிப்போய், உச்சியில் கம்பத்தைக் கட்டி, வாயில் கடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடித்தார். கீழே நின்ற அப்பா, "தம்பி பாத்து, தம்பி பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இறங்கி வந்ததும் அண்ணன், "உயரம் ஒண்ணும் பண்ணாது அண்ணே, கீழ பாத்தாதான் பயம்" என்று சிரித்தார்.

ஒரு வருடம் கழித்து அவர் வேலை செய்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாமல் போயிற்று. அதற்குப் பிறகு அப்பா அந்தத் தொட்டி ஏணியில் கால் வைக்கவில்லை. பயம் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு மட்டும் தடை போட்டார். "பொம்பளப் புள்ள தளத்துப் பக்கமே போகக்கூடாது. ஏணியில ஏறினே, கால ஒடிச்சிடுவேன்."

அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அக்கரையில் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். விடியுமுன்பே கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புவார். அதுவரை அண்ணன் தனியாகப் படுத்திருப்பார். மதியம் பள்ளி விட்டு வந்ததும் அம்மா தூக்குச்சட்டியில் சோறு போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவார். அவருடைய அறை தகரக் கூரை போட்டது. ஆனாலும் உள்ளே போனால் குளுகுளுவென்று இருக்கும். கூரையை முழுவதும் மூடிக்கொண்டு பெரிய ஜம்பு மரம் ஒன்று நின்றது. பூக்கிற காலத்தில் அதன் இளஞ்சிவப்புப் பூவிழைகள் கொட்டி, சந்தெல்லாம் யாரோ பஞ்சைச் சாயம் தோய்த்துப் பரப்பின மாதிரி இருக்கும். சன்னல் வழியாக ஒரு கிளை உள்ளேயே எட்டிப் பார்க்கும். அந்தச் சன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் தளமும் தொட்டியும் கம்பமும் நன்றாகத் தெரியும்.

அண்ணனுக்குக் கைகள் நன்றாக இருந்தன. படுத்தபடியே பட்டம் செய்வார். மூங்கிலைச் சீவி, தாள் ஒட்டி, உடைந்த பல்பை அரைத்துப் பசையில் கலந்து நூலுக்குப் பூசுவார். சந்துப் பையன்கள் வந்து வாங்கிப் போவார்கள். பொங்கல் முடிந்த வாரத்தில் எனக்கும் ஒன்று செய்து கொடுத்தார். பச்சைத் தாள், மஞ்சள் வால்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கண்ணாடி நூலுன்னு உங்கம்மா ஏசுவாங்க. காட்டாத" என்றார்.

காட்டவில்லை. அப்பா வேலையில் இருந்த, அம்மா மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை காலை, தளத்தில் ஏறி அதை விட்டேன். அப்படிப்பட்ட காற்று எனக்கு அதற்குப் பிறகு கிடைத்ததில்லை. நூல் விரலை அறுத்தது. பட்டம் தகரக் கூரைகளுக்கு மேலே, பெரிய சாலைப் பக்கம் போய் நின்றது. பிறகு ஒரு சுழற்சியில் தலைகுப்புற வந்து, காற்றுமானியின் கரண்டிகளில் மாட்டிக்கொண்டது. கரண்டிகள் சுற்றச் சுற்ற நூல் அச்சில் சுற்றியது.

நான் ஏணியில் ஏறினேன். கீழே பார்க்கவில்லை. பட்டத்தைப் பிய்த்து எடுத்தேன். இறங்கிப் போய் அப்பாவின் பழைய சவர பிளேடை எடுத்துவந்து நூலை அறுத்து, வெளியே தெரிந்ததையெல்லாம் உருவினேன். அச்சுக்கும் மூடிக்கும் இடையில் போனது வரவில்லை. இழுத்தால் இன்னும் உள்ளே போனது. கரண்டியை விரலால் சுண்டிவிட்டேன், சுற்றியது. போதும் என்று இறங்கிவிட்டேன். கிழிந்த பட்டத்தைச் சாக்கடையில் போட்டேன். அடுத்த நாள் அண்ணன், "பட்டம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"அறுந்து போச்சு, அண்ணே."

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "சரி" என்றார்.

அன்று முதல் எண்ணிப்பெட்டி மெதுவாகத்தான் டிக் டிக் என்றது. அப்பா முதல் வாரம் அதைக் கவனிக்கவில்லை. மாதத் தாள் வந்தபோது, எங்கள் சந்துக்கு நேரே காற்று என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. கூடவே வாத்தியார் எழுதிய கடிதம். 'உங்கள் மழை அளவு எப்போதும் போல நம்பகமாக உள்ளது. காற்று அளவு மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. கோளாறைக் கண்டுபிடிக்கும்வரை அதை வெளியிடாமல் வைத்திருக்கிறேன். வருத்தம் வேண்டாம்.'

அப்பாவுக்கு வருத்தம்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் அதே பேச்சு. பேட்டரியை மாற்றினார். முன்கூடத்திலிருந்து தளம்வரை புது வயர் இழுத்தார். எண்ணிப்பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைத்தார். வீடு முழுக்க அந்த ஈயப் புகை நாற்றம். தளத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். கரண்டிகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நல்ல காற்றில் யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. தொட்டி ஏணியின் முதல் படியில் கை வைப்பார். பிறகு எடுத்துவிடுவார். ஒருநாள் அம்மா, "யாரையாச்சும் கூப்பிட்டு மேல ஏறிப் பாக்கச் சொல்லுங்களேன்" என்றார்.

"மேல என்ன இருக்கு? நல்லாதான சுத்துது" என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் கண்ணில் ஜம்பு மரம் பட்டது. மேற்குப் பக்கம், தொட்டிக்கும் மேலே வளர்ந்து நின்றது. "இதான்" என்றார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த மாதம் நான் அவர் முகத்தில் பார்க்கவில்லை.

அவருடைய நோட்டு பல வருடங்கள் கழித்து என் கைக்கு வந்தது. அதைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. மரம் மறைத்தால் மாலையில் மேற்கிலிருந்து வரும் காற்று மட்டும்தான் குறைய வேண்டும். காலையில் கிழக்கே கடல் பக்கமிருந்து வருகிற காற்றும் அதே அளவு குறைந்திருந்தது. கிழக்கே ஒரு மரமும் கிடையாது. இரண்டையும் அவரே அடுத்தடுத்த வரியில் எழுதி வைத்திருந்தார். சிறியதொரு கூட்டல் கணக்குப் போட்டிருந்தாலே தெரிந்திருக்கும். அவர் பார்க்க விரும்பவில்லை. பார்த்திருந்தால் ஏணியில் ஏற வேண்டியிருக்கும்.

இதைச் சொல்லி அவர் மேல் பழி போட வரவில்லை. எனக்குக் கணக்கே தேவைப்படவில்லை.

அப்பா முதலில் அக்காவிடம் கேட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவரைச் சந்திலேயே நிறுத்தி, கிளைகளை வெட்டச் சொன்னார். அக்கா தோளில் பையோடு, களைத்துப் போய் நின்றார்.

"எவ்வளவு அண்ணே வெட்டணும்?"

"பாதிக்கு மேல எடுத்தாதான் காத்து வரும்."

"அண்ணே, அந்த மரம் இல்லன்னா அந்த ரூம்ல மனுசன் படுக்க முடியாது. நீங்க மத்தியானம் வந்து பாத்ததில்ல. எனக்காக வேணாம், அவருக்காகப் பாருங்க."

"நான் பொய்யா சொல்றேன்? ஒரு மாசமா எல்லாத்தையும் பாத்துட்டேன். மரம்தான்."

அக்கா பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். உள்ளே போய்விட்டார். அப்பாவுக்கு அது அவமானமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து தட்டச்சுப் பொறியை எடுத்து, பின்வீட்டை வாடகைக்கு விட்டிருந்த உரிமையாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். மரத்தின் வேர் சாக்கடையை உடைக்கிறது, புயலில் கிளை விழுந்தால் உயிருக்கு ஆபத்து என்று எழுதினார். காற்றுமானியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அம்மா, "வேர் எங்க உடைக்குது?" என்று மட்டும் கேட்டார்.

நான் மேசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். "அப்பா" என்றேன்.

"என்ன?"

அவர் நிமிர்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என்னைப் பார்த்துக் காத்திருந்தார். நான் எதையும் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இருந்ததில்லை.

"பென்சில் வேணும்" என்றேன். மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மாசி மாத வெயிலில் மரம் வெட்டுகிற ஆட்கள் வந்தார்கள். அக்கா வேலைக்குப் போயிருந்தார். வாள் இயந்திரம் மாலைவரை அலறியது. அண்ணன் சன்னலை மூடவில்லை, மூட அவருக்கு எட்டாது. மரத்தூள் அவருடைய போர்வைமேல், தலைமேல் எல்லாம் படிந்திருந்தது. நான் சோறு கொண்டுபோனபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல சத்தம், இல்ல?" என்றார்.

அடுத்த நாளிலிருந்து அந்த அறை அடுப்பாகிவிட்டது. மதியத்தில் தகரம் சூடேறி டப் டப் என்று வெடிக்கும். அக்கா காலையில் போகுமுன் ஏணி வைத்து, கூரைமேல் ஈரச் சாக்குகளைப் பரப்பிவிட்டுப் போவார். பத்து மணிக்குள் காய்ந்துவிடும். அண்ணனுக்கு முதுகில் புண் வந்தது. வியர்வையும் மருந்தும் கலந்த ஒரு வாடை அறையில் நின்றது. நான் சட்டியை வைத்துவிட்டு உடனே ஓடி வந்துவிடுவேன். முன்பெல்லாம் அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை கதை பேசிக்கொண்டிருந்தவள் நான்.

காற்று அளவு ஏறவில்லை. அப்பா நாளுக்கு மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். "இது காத்தில்லாத மாசம், கொஞ்சம் பொறுக்கணும்" என்று தானாகச் சொல்லிக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

சித்திரைக்கு முன்பாகவே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். புக்கிட் மெர்தாஜாமில் அக்காவின் தங்கை வீட்டில் கல் சுவர் அறை ஒன்று இருந்தது. வேலைக்கும் அது பக்கம் என்று சந்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான். அதைச் சொல்லித்தான் நானும் பல வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன். லாரி வந்த அன்று அண்ணனை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பாயை ஏற்றுகிறவரை அவரைச் சந்தில் இறக்கி வைத்திருந்தார்கள். அம்மா என்னைப் போய் அவரிடம் சொல்லிக்கொள்ளச் சொன்னார்.

பக்கத்தில் போய் நின்றேன். அவர் எங்கள் தளத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏறினப்போ நான் மூச்சே விடல" என்றார், குரலைத் தாழ்த்தி. "கால் வைக்கிற எடத்த பாத்து வைக்கணும்மா. நான் விழுந்தது கவனம் இல்லாமதான்."

 "அப்பாகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"நான் எதுக்குச் சொல்றேன்? உங்கப்பா அடிக்கிற ஆளு." அவ்வளவுதான். பிறகு ஆட்கள் வந்து அவரைத் தூக்கி லாரியில் வைத்தார்கள். அவர் எனக்குச் சிறிது நேரம் கொடுத்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. மரத்தை வெட்டுமுன்னும் கொடுத்திருக்கிறார். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருப்பார்.

அவர்கள் போன மறுவாரம் அப்பா ஏணியில் ஏறினார். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாதான் முதலில் பார்த்து என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு படியிலும் நின்று, கண்ணை மூடி, மறுபடி ஏறினார். உச்சியில் வெகுநேரம் ஏதோ செய்துகொண்டிருந்தார். இறங்கி வந்ததும் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கையில் கருப்பு எண்ணெய் பூசின ஒரு நூல் கத்தை. அதில் கண்ணாடித்தூள் மினுங்கியது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மாலை எண்ணிப்பெட்டி பழையபடி ஓடியது. அடுத்த மாதத் தாளில் எங்கள் சந்துக்கு நேரே காற்று அளவு வந்தது. அதன் கீழே வாத்தியார் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'தடை அகற்றப்பட்டது.' அப்பா அப்படித்தான் எழுதி அனுப்பியிருக்கிறார். என்னை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடிக்கவும் இல்லை. அதற்காக நான் நன்றியோடு இருந்தேன் என்று சொன்னால் பொய். அவரும் மறைக்கிறார், நானும் மறைக்கிறேன், ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பெரியவளாகி, மணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருடத்திலிருந்து அப்பா மாதத்தில் ஒரு ஞாயிறு புக்கிட் மெர்தாஜாமுக்குப் போக ஆரம்பித்தார். வாத்தியார் வீட்டில் கூட்டம் என்பார். காலை ஃபெர்ரியில் போய் மாலையில் திரும்புவார்.

அப்பா இறந்து மூன்றாம் நாள் அக்கா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணன் போய் அப்போதே பல வருடமாகியிருந்தது. அவரை உட்கார வைத்து நான் காப்பி கொடுத்தேன். அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டே அவர் பேசினார்.

"நாங்க போன கொஞ்ச நாள்லயே வந்தாரு. கட்டில் பக்கத்துல நின்னுகிட்டு, மரம் இல்ல தம்பி, நூலுதான், நான் அந்தக் கம்பத்துல துணி கட்டின நூலு அறுந்து சுத்திக்கிச்சு, மேல ஏறிப் பாக்காம உங்கள இப்படிப் பண்ணிட்டேன்னு சொல்லி அழுதாரு. பெரிய மனுசன் அழுது நான் பாத்ததில்ல. எனக்குக் கோவம்தான். எங்க வீட்டுக்காரருதான், விடுங்கண்ணேன்னாரு. அப்புறம் மாசா மாசம் வருவாரு. இவருக்குச் சவரம் பண்ணி விடுவாரு, முதுகுல மருந்து போடுவாரு. இவரு போற வரைக்கும் வந்தாரு."

 அப்பா கட்டின நூல் என்று எதுவும் கிடையாது. அந்தத் துணியை அவர் கம்பியால் கட்டியிருந்தார். அண்ணனுக்கு அது யாருடைய நூல் என்று தெரியும். ஒருவர் கட்டிலிலும் ஒருவர் அருகிலுமாக இரண்டு பேரும் வருடக்கணக்காக இருந்து, தெரிந்தும் தெரியாததுபோல, என் பெயரை வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"தப்பு செஞ்சா வந்து ஒத்துக்கிற மனுசன் எத்தன பேரு மா இருக்காங்க?" என்றார் அக்கா. கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் அவரு மாதிரிதான். சின்னப் புள்ளையிலேயே எனக்குத் தெரியும். அந்த வெக்கையிலயும் ஒருநாள் தவறாம சோறு கொண்டாந்து குடுத்தியே."

நான் இல்லை என்று சொல்லவில்லை. தலை குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். பஸ் வர அரை மணி நேரமாயிற்று. பேரப் பிள்ளைகளைப் பற்றி, விலைவாசியைப் பற்றியெல்லாம் பேசினோம். பஸ் வந்ததும் அவர் ஏறி, சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கையசைத்தார். நானும் அசைத்தேன்.

போன வருடம் அக்காவும் போய்விட்டார். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.